நீங்கள் என்ர வட்டாரம் இல்லை

யேசு மரி சூசை

பலேர்மோ
9 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி அருள்நாயகிக்கு,

உன் அண்ணன் யாக்கோபு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதை இன்னொரு முறை வாசி. யாரையும் பிடித்து இருத்திச் சொல்லி எழுதுவிக்கவில்லை. பேனையைப் பிடித்திருப்பது என் கை. நான் சுகம். நீயும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இதை முதலில் எழுதவேண்டும் என்று ரீச்சர் சொன்னா. எழுதிவிட்டேன். இனி எனக்கு விருப்பமானதை எழுதலாம்.

ரீச்சர் என்றவுடன் வயதான ஆள் என்று நினையாதே. பேர் கிளறா. இங்கேயே பிறந்த பிள்ளை, இத்தாலியப் பிள்ளைகளைப் போலக் கையை ஆட்டி ஆட்டித் தமிழ் கதைக்கும். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. அந்த நேரத்தில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தின் பின் அறையில் வகுப்பு. எழுத்து வாசனை இல்லாத கிழடுகள் ஒரு கூட்டம். எனக்கு எழுபத்திரண்டு வயது, நான்தான் மூப்பு. ஆனால் வகுப்பிலே வடிவாக 'ழ' எழுதுகிறவனும் நான்தான்.

நேற்று தமிழ்க் கடையில் ஒரு பையில் இருந்ததை வாசித்தேன். பருப்பு என்று எழுதியிருந்தது. உள்ளே பருப்பு இருப்பது வெளியிலேயே தெரிந்தது. ஆனாலும் நின்று முழுதும் வாசித்தேன். கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்குக் காது போன பிறகு போனில் கதைக்க முடியாமல் எவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டோம். இனி அந்தக் கவலை இல்லை.

உன் மகன் றஞ்சித் சுகம். சங்கத்தில் ஸ்தாசியோனே வட்டாரத்துக்கு அவன்தான் பிரதிநிதி. மண்டபத்தில் முன் கதிரையில் இருப்பான். நல்ல நல்ல சேட்டாகப் போடுகிறான். எல்லாரும் மதிக்கிறார்கள்.

ஞாயிறு தொடங்கிய கடிதம் அடுத்த ஞாயிறுதான் முடிகிறது. கை நோகிறது. சந்தோசமான நோ.

உன் அண்ணன்
யாக்கோபு
(இது நானே வைத்த கையொப்பம்)


பேசாலை
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம், முழங்காலைத் தவிர. காதைப் பற்றி விசாரிக்க வேண்டாம், அது போனது போனதுதான். நீங்கள் பலேர்மோக் குளிரில் தொப்பி போடாமல் திரிவீர்கள் என்று தெரியும். போடுங்கள்.

தபால்காரன் கடிதத்தைத் தந்தபோது உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். ஈர மணலில் நண்டு நடந்தது போல இருக்கிறது உங்கள் எழுத்து. ஆனால் நண்டு எங்கே போகிறது என்று எனக்கு முழுதும் விளங்கியது. கடிதத்தை மாதா சுரூபத்தடியில் வைத்தேன். பிறகு எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மாதா ஒரு முறை வாசித்தால் போதும். எனக்குத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து றஞ்சித் உங்களிடம் வந்து என் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறான் என்றுதான் நான் இவ்வளவு நாளும் இருந்தேன். போன வருசம் நான் எழுதியதையெல்லாம் யார் வாசித்தது? அவன் போடுகிற சேட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் கடைசியாக எப்போது உங்கள் அறைக்கு வந்தான் என்று எழுதவில்லை.

என்னோடு அவன் கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் கதைப்பான். அவன் சொல்வதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என் காதுக்குள் கத்திச் சொல்லும். மாமாவைக் கண்டாயா என்று கேட்டால் 'ஓம் அம்மா' என்கிறான். அந்த 'ஓம்' எனக்கு வாயசைவிலேயே தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது கண்ணை வேறெங்கோ வைத்திருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளறாப் பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை
அருள்நாயகி


யேசு மரி சூசை

பலேர்மோ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாய் இருக்கிறேன். தொப்பி போடுகிறேன். உன் முழங்காலுக்கு எண்ணெய் பூசு, சோம்பல்படாதே.

போன வருசக் கடிதங்களை யார் வாசித்தது என்று கேட்டாய். நான்தான் வாசித்தேன். கொஞ்சம் பிந்திவிட்டது. எல்லாவற்றையும் அரிசித் தகரத்துக்குள் போட்டு வைத்திருந்தேன். எழுத்துப் பிடிபட்டதும் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். உன் குசினிக் கூரை காற்றில் போனதும், நீ காய்ச்சலில் கிடந்ததும், உன் பக்கத்து ஒழுங்கைச் சறோஜாவின் மகள் கலியாணமும் எனக்கு ஒரே கிழமையில் நடந்தன. காய்ச்சல் கடிதத்தை வாசித்துவிட்டு, சுகமாகிவிட்டாயா என்று அடுத்ததை அவசரமாய்த் தகரத்துக்குள் தேடினேன். சுகமாகி ஒரு வருசம் என்று தெரிந்தும் தேடினேன்.

ஒரு பகிடி கேள். மண்டபக் கதவில் ஒரு பெரிய அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. ஒரு வருசத்துக்கு மேலாய் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். போன கிழமை கதவு திறக்கப் பிந்தியது. நின்ற நேரத்துக்கு வாசித்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன். சங்கத்தின் வட்டாரங்களும் அதில் உள்ளவர்களின் பேர்களும். நடுவிலே 'பெ. யாக்கோபு' என்று இருந்தது. தங்கச்சி, என் பேரை அச்சில் நானே வாசித்தேன். கிருசாந்தினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதுதான் வீட்டுக்கார அம்மாவின், வீட்டிலே தங்கி வேலை செய்கிறவள், வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்து எழுதுகிறவள். அவள் சிரிக்கவில்லை. "அண்ணை, உங்கட பேர் எந்தத் தலைப்புக்குக் கீழ இருக்கெண்டு வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

பேரைக் கண்ட சந்தோசத்தில் தலைப்பை வாசிக்க மறந்துவிட்டேன். மேலே லிபெர்த்தா என்று இருந்தது. அவளுடைய பேரும் அங்கேதான்.

இங்கே இப்போது காற்று நல்லது. முதல் கத்தரிக்காய் சந்தைக்கு வந்துவிட்டது.

உன் அண்ணன்
யாக்கோபு


பேசாலை
2 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எண்ணெய் பூசுகிறேன். மற்றபடி சுகம். காய்ச்சல் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், அதைத் திரும்ப வாசித்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது.

லிபெர்த்தா என்பது நீங்கள் முந்தி அந்த முதிய சிஞ்ஞோரேயைப் பராமரித்த பணக்காரப் பகுதி அல்லவா? அவர் செத்து, நீங்கள் ஸ்தாசியோனே ஒழுங்கையில் அறை எடுத்து எத்தனையோ வருசம். உங்கள் பேர் ஏன் அங்கே போனது? அப்படியென்றால் இப்போது உங்களுக்குப் பிரதிநிதி யார்? றஞ்சித் இல்லையா?

அன்புத் தங்கை
அருள்நாயகி


யேசு மரி சூசை

பலேர்மோ
22 யூன் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். இங்கே ஆபிரிக்கக் காற்று வீசுகிறது, வீடெல்லாம் சூளை போல. நீ தண்ணீர் நன்றாகக் குடி.

என் பேர் லிபெர்த்தாவுக்குப் போனதற்குக் காரணம் ரெசிதென்சா, அதாவது பத்திரத்தில் பதிந்திருக்கிற விலாசம். சிஞ்ஞோரேயின் மகள் நல்லவ, என் விலாசத்தை அந்த வீட்டிலேயே விட்டு வைத்திருக்கிறா. இங்கே இருக்க அனுமதி தருகிற பெர்மெசோப் பத்திரம் புதுப்பிக்க அது உதவும். முந்திச் சங்கம் யார் எங்கே இருக்கிறாரோ அந்த வட்டாரம் என்றுதான் வைத்திருந்தது. இப்போது பத்திரத்தில் உள்ள விலாசப்படி என்று மாற்றியிருக்கிறார்கள். நான் எத்தனையோ வருசமாய்ப் படுக்காத இடத்தில் எனக்கு வாக்கு இருக்கிறது.

அதை விடு. பின் அறையைப் பூட்டிவிட்டார்கள். விழாச் சாமான்கள் வைக்கவாம். ஒலிபெருக்கிப் பெட்டிகளும் மேடைத் துணியும் எங்கள் வாங்குகளில் இருக்கின்றன. வகுப்பு இல்லை. எனக்கு இன்னும் 'கௌ' வரிசை எழுத வராது. கிருசாந்தினி தன் மகனுக்கு ஒரு கடிதம் பாதி எழுதியபடி நிற்கிறாள். அவன் இந்தியாவில் அகதி முகாமில் இருக்கிறான். மிச்சப் பாதிக்கு அவளுக்கு எழுத்துத் தெரியாது.

எல்லாரும் என்னைப் போய்க் கேட்கச் சொன்னார்கள். முதலில் லிபெர்த்தாப் பிரதிநிதி சுவாம்பிள்ளையிடம் போனேன். அவர் என்னைக் கண்டதேயில்லை. "நீங்கள் இருக்கிறது ஸ்தாசியோனேயில. அறையும் அங்கைதான் இருக்கு. அந்த வட்டாரத்து ஆளைக் கேளுங்கோ" என்றார். சரியென்று அங்கே போய்க் கேட்டேன். அந்த வட்டாரத்து ஆள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு, "நீங்கள் இப்ப என்ர வட்டாரம் இல்லை. சுவாம்பிள்ளையைக் கேளுங்கோ" என்றார்.

வந்துவிட்டேன். வேறு புதினம் இல்லை. பலேர்மோ துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வருகின்றன. அவற்றின் பேர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்க்கிறேன், அவை வேறு எழுத்து.

உன் அண்ணன்
யாக்கோபு


யேசு மரி சூசை

பலேர்மோ
7 செப்ரெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. சுகமில்லையோ என்று யோசிக்கிறேன். றஞ்சித்தைக் கேட்க முடியாமல் சறோஜாவின் மகளுக்குப் போன் எடுத்தேன். நீ சுகம், கோவிலுக்குப் போகிறாய் என்று சொன்னாள். அப்படியென்றால் நான்தான் ஏதோ பிழையாக எழுதிவிட்டேன். எழுதத் தெரிந்தவனுக்கு வருகிற பயம் இது. முந்தி இல்லை.

வகுப்பு நிற்கவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குள் பயணிகள் இருக்கிற வாங்குகளில் நடத்துகிறோம். பக்கத்தில் மெசினாவுக்குப் போகிற சனம் பெட்டியோடு ஓடுகிறது, நாங்கள் 'கௌ' எழுதுகிறோம். காவல்காரன் வந்து பயணச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பான். கிளறா கையை ஆட்டி ஏதோ சொல்லும். அவன் சிரித்துவிட்டுப் போவான். சில நாள் சிரிக்க மாட்டான். அன்றைக்கு எழும்பி வெளியே போய் பஸ் நிற்கிற இடத்தில் எழுதுவோம். மழை தொடங்கினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போதே பாதிப் பேர் வருவதில்லை.

ஏன் இப்படி ஆனது என்று கிருசாந்தினிதான் எனக்கு விளக்கினாள். வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்கள் வியாழனும் ஞாயிறும் ஸ்தாசியோனே ஒழுங்கைகளுக்குத்தான் வருவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து அங்கே ஒரு அறை வைத்திருப்பார்கள். சமையல், கோவில், சண்டை எல்லாம் அங்கேதான். மண்டபத்துக் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று கூட்டத்தில் எழும்பிக் கத்துகிறவர்களும் அவர்களே. போன தேர்தலில் அவர்கள் எதிர்த்துப் போட்டதால் ஸ்தாசியோனே வட்டாரத்தில் வென்றவர் மயிரிழையில்தான் வென்றார். அதற்குப் பிறகுதான் நிர்வாக சபை வட்டார எல்லைக் கோட்டை மாற்றிக் கீறியது. அந்தப் பெண்கள் எல்லாருடைய ரெசிதென்சாவும் சிஞ்ஞோராமாரின் வீட்டில். ஒரே நாளில் எல்லாரும் லிபெர்த்தா ஆகிவிட்டார்கள். அங்கே சுவாம்பிள்ளைக்குச் சொந்தக்காரர் நிறைய. எங்கள் வாக்கு கடலில் கரைத்த உப்பு. ஒருவருக்கு எங்களைப் பற்றிப் பயமில்லை. மற்றவருக்கு நாங்கள் தேவையில்லை.

நாலாம் திகதி வியாழக்கிழமை. இந்த ஊர்ப் புனிதை சாந்தா றொசாலியாவின் திருநாள், அவவின் மலைக்கு ஏறினோம். சைவம், வேதம் என்று பார்க்காமல் எங்கள் சனம் எல்லாம் ஏறும். பாதி வழியில் றஞ்சித்தைக் கண்டேன். வெறுங்காலோடு வந்தான். என் தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு வந்தான். மேலே போனதும் போத்தலைத் தந்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. இதை உனக்கு எழுதவேண்டும் என்று இருந்தது.

நீ எழுது.

உன் அண்ணன்
யாக்கோபு


பேசாலை
24 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் ஒன்றும் பிழையாக எழுதவில்லை. நான் எழுதி எழுதிக் கிழித்தேன், அவ்வளவுதான்.

உங்கள் யூன் மாதக் கடிதத்தில் ஒரு சொல் குறைகிறது. அந்த வட்டாரத்து ஆள் என்று எழுதி, பேர் போடவில்லை. முதல் கடிதத்திலேயே அந்த வட்டாரத்துப் பிரதிநிதி யார் என்று எழுதிவிட்டீர்கள், மறந்துபோனீர்கள். அவன் சொன்னது 'நீங்கள் இப்ப என்ர வட்டாரம் இல்லை' அல்ல. 'மாமா, நீங்கள் இப்ப என்ர வட்டாரம் இல்லை' என்பதுதானே? அந்த 'மாமா'வை எனக்காக எடுத்துவிட்டீர்கள்.

அவனுக்கு உங்கள் வாக்கு தேவைப்பட்டவரை ஞாயிறு தோறும் நாலு மாடி ஏறி வந்திருக்கிறான். தேவை போனதும் நின்றுவிட்டான். என் கடிதங்கள் அரிசித் தகரத்துக்குள் போயின. நீங்கள் படிக்கப் போனது அதனால்தான். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

கோட்டுக் கதை எனக்கு விளங்காது என்று நினைக்க வேண்டாம். இங்கே கரைவலை இழுக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாடு. கடற்கரையில் கம்பு நட்டு இது உன் பாடு, இது என் பாடு என்று வைத்திருக்கிறார்கள். கம்பை நகர்த்துகிறவன் மீன் எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் நகர்த்துவான். வலை இழுக்கத் தெரிந்தவனுக்குக் கம்பை நகர்த்தத் தேவையில்லை.

போன ஞாயிறு றஞ்சித் வீடியோவில் வந்தான். முகம் மலர, அம்மா என்று வாயசைத்தான். நான் சொன்னேன்: "தம்பி, நான் உன்ர வட்டாரம் இல்லையே. ஏன் எடுத்தனி? எனக்கு வாக்குமில்லை." அவன் ஏதோ சொன்னான். பக்கத்து வீட்டுப் பிள்ளை காதுக்குக் கிட்ட வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனை நிற்பாட்டினேன். நான் கதைக்க என் காது தேவையில்லைத்தானே.

மழைக்கு முன் ஒரு குடை வாங்குங்கள்.

அன்புத் தங்கை
அருள்நாயகி


யேசு மரி சூசை

பலேர்மோ
19 ஒக்ரோபர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். குடை வாங்கினேன். நீ எழுத வேண்டாம் என்று சொன்னதற்கு நான் எழுதவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். படியில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். உன் மகன். கொஞ்சம் கொழுத்துவிட்டான், நாலு மாடி பழக்கம் விட்டுப்போய்விட்டது. கதிரையில் இருந்து நெற்றி வியர்வையைத் துடைத்தான். பிறகு, "மாமா, அம்மா என்னோட கதைக்கிறா இல்லை" என்றான்.

"அப்ப அவவின்ர வட்டாரப் பிரதிநிதியைப் போய்ப் பாரன்" என்றேன்.

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பின் அறைப் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தான். வியாழக்கிழமையில் திறந்து படியுங்கள், யாரும் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்காகத்தான் மாமா என்றான்.

தங்கச்சி, அந்தத் திறப்பை எடுக்க என் கை போனது. பொய் சொல்லவில்லை. மழை தொடங்கிவிட்டது, வகுப்பில் மூன்று பேர்தான் மிச்சம். ஆனால் எடுத்துப் பார்த்துவிட்டு அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

"எனக்காகத் தந்தால், என்னில கோவம் வந்த அண்டைக்குத் திருப்பி வாங்குவாய். கிருசாந்தினிக்குப் பேசாலையில உன்ர அம்மா இல்லை. அவள் ஆரிட்டப் போறது?"

கோடு கீறியது தான் மட்டும் இல்லை என்றான். கை தூக்கினாயா என்று கேட்டேன். திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பொம்பிளையளின்ர ஆய்க்கினை தாங்கேலாது மாமா. தாழ்ப்பாள், தாழ்ப்பாள் எண்டு உயிரை எடுத்திட்டினம்."

"அந்த ஆய்க்கினை இருந்த காலத்திலதான் நீ நல்ல பிரதிநிதியாய் இருந்தனி. எனக்கும் நல்ல மருமகன்."

எழும்பும்போது கேட்டான், அம்மாவின் கடிதம் ஏதும் வந்ததா, வாசித்துக் காட்டவா என்று. பழைய பழக்கம். நீ இரு, நான் வாசிக்கிறேன் என்று சொல்லி உன் கடைசிக் கடிதத்தை எடுத்தேன். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் அவனுக்கு அதை நன்றாகக் கேட்க நேரம் இருந்தது. 'என் கடிதங்கள் அரிசித் தகரத்துக்குள் போயின' என்ற இடத்தில் அவன் போய் யன்னலடியில் நின்றான். நான் நிற்பாட்டவில்லை. குடை வாங்குங்கள் என்பதுவரை வாசித்தேன்.

திறப்பை எடுத்துக்கொண்டு போனான். தேர்தலுக்கு முன் வருகிற பொதுக்கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று படியில் நின்று சொன்னான். செய்வேன் என்று உறுதி சொல்லவில்லை.

இனி அவனோடு கதை. அவன் முகம் சரியில்லை.

உன் அண்ணன்
யாக்கோபு


பேசாலை
8 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். இங்கேயும் மழை.

திறப்பைத் தள்ளிவிட்டீர்கள் என்று வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன வீம்பு என்று நினைத்தேன். பானையில் அரிசி போட்டுவிட்டு வந்து திரும்ப வாசித்தேன். கிருசாந்தினிக்குப் பேசாலையில் நான் இல்லை என்ற இடத்தை. சோறு குழைந்துவிட்டது. நீங்கள் செய்தது சரி.

அவனோடு கதைத்தேன். தேர்தலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

அன்புத் தங்கை
அருள்நாயகி


யேசு மரி சூசை

பலேர்மோ
14 டிசம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க நத்தார் முடிந்துவிடும். ஆனாலும் உனக்கு என் நத்தார் வாழ்த்து. குளிர் தொடங்கிவிட்டது, எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நிறைய எழுத இருக்கிறது. இரண்டு ஞாயிறாய் எழுதுகிறேன்.

பொதுக்கூட்டம் நடந்தது. யார் எங்கே வாழ்கிறாரோ அதை அவரே எழுதிக் கையொப்பம் வைத்தால் அந்த வட்டாரத்தில் சேர்க்க வேண்டும் என்று கிருசாந்தினி எழும்பிக் கேட்டாள். எங்கள் வகுப்பில் முந்தி வந்தவர்கள், விட்டுப்போனவர்கள் எல்லாரும் கையொப்பம் வைத்திருந்தோம். பெருவிரல் அடையாளம் ஒன்றுகூட இல்லை. சுவாம்பிள்ளை, இதெல்லாம் பெரிய வேலை, அடுத்த வருசம் பார்ப்போம் என்றார். சபையில் மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்போது றஞ்சித் எழும்பினான். "என்ர வட்டாரத்தையாவது பழையபடி விடுங்கோ" என்றான். அதைச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் பாராமல் இருந்துவிட்டான். இழுபறிப்பட்டு அந்த ஒரு வட்டாரத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். மற்றவை கீறியபடிதான். லிபெர்த்தாவில் போட்டியே இல்லை, சுவாம்பிள்ளைக்கு மாலை போட்டார்கள். அங்கே மிச்சமாய் இருக்கிற எங்கள் சனத்துக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. அதை நினைத்தால் கவலை.

எங்கள் வட்டாரத்தில் றஞ்சித்துக்கு எதிராகக் கிருசாந்தினி நின்றாள்.

தேர்தலுக்கு முதல் நாள் அவன் படி ஏறி வந்தான். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை. வாசலில் நின்று, "மாமா, உங்கட வாக்கு வேணும்" என்றான். மருமகன் என்று சொல்லிக் கேட்கவில்லை. திறப்பு ஒன்றும் கொண்டு வரவில்லை. எனக்கு அவனை இவ்வளவு பிடித்தது நீண்ட காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். ஆனால் வெளியே காட்டவில்லை. கீழ் மாடிகளில் எல்லாக் கதவையும் தட்டினாயா என்று கேட்டேன். இரண்டாம் மாடிப் பெண்கள் தாழ்ப்பாளைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார்களாம். "நாளைக்கு மறுநாளே பூட்டுறன் எண்டு சத்தியம் பண்ணினால்தான் கீழ விடுவம் எண்டினம்" என்றான். வியர்த்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வெறும் துண்டு தருவார்கள். அதில் விருப்பமான ஆளின் பேரை எழுதி மடித்துப் பெட்டியில் போடவேண்டும். முந்தித் தேர்தல்களில் எனக்காக எழுதியது யார் தெரியுமா? றஞ்சித்தான். தன் பேரைத் தானே எழுதி, மடித்து, என் கையில் தருவான். நான் போடுவேன். இரண்டு பேருமே அதைப் பிழை என்று நினைத்ததில்லை.

இந்த முறை துண்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். ஒரு பக்கம் என் தங்கச்சியின் பிள்ளை. கைக்குழந்தையாய் நான் தூக்கியவன். மற்றப் பக்கம் ஸ்தாசியோனே வாங்கில் என் பக்கத்தில் குளிரில் இருந்து எழுதியவள். பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். "யாக்கோபு அண்ணை நித்திரையோ?" என்று யாரோ கேட்டுச் சிரிப்புக் கேட்டது. பிறகு எழுதினேன். பேரை முழுதாக, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினேன். மை காயும்வரை ஊதினேன்.

றஞ்சித் வென்றான். முந்தியைப் போல மயிரிழையில்தான். பயந்துபோய் இருக்கிறான். அந்தப் பயம் அவன் முகத்துக்கு நல்லாய் இருக்கிறது. தாழ்ப்பாள் பூட்டியாயிற்று. விழாச் சாமான்களை மேடைக்குக் கீழே அடுக்கிவிட்டு, பின் அறை வியாழக்கிழமைகளில் வகுப்புக்கு என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறான். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். கிருசாந்தினி தோற்றதற்கு அழவில்லை. மகனுக்கு எழுதிய கடிதத்தின் மிச்சப் பாதியை முடித்துவிட்டாள். அடுத்த முறை வெல்லுவேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள்.

நேற்றும் அவன் வந்தான். கிழமையில் ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்டான். அதை முடித்த பிறகுதான் மருமகனாய் இருந்து தேத்தண்ணீர் குடித்தான்.

துண்டில் யாருடைய பேரை எழுதினேன் என்று கேளாதே. உனக்கு ஒளிப்பதற்கு இல்லை. எனக்கென்று ஒரு விசயம் நானே எழுதி நானே மடித்தது இதுதான் முதல் தரம்.

உன் அண்ணன்
யாக்கோபு


பேசாலை
4 சனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருசத்தில் மாதா உங்களைச் சுகமாய் வைத்திருக்கட்டும். எனக்கு முழங்கால் பரவாயில்லை.

உங்கள் எழுத்து இப்போது நண்டு நடந்தது போல இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கவலைதான், அந்த நண்டு எனக்குப் பழகிவிட்டது.

யாருடைய பேர் என்று நான் கேட்கவில்லை. இன்று காலை றஞ்சித் வீடியோவில் வந்தான். முதலில் முழங்காலைக் கேட்டான். பிறகு சுற்றிச் சுற்றி வந்து, "அம்மா, மாமா ஆருக்குப் போட்டவராம்? உங்களுக்கு எழுதியிருப்பாரே" என்று கேட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைச் சொல்ல என் காதுக்குக் கிட்டக் குனிந்தது. எனக்கு வாயசைவிலேயே விளங்கிவிட்டது.

எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்புத் தங்கை
அருள்நாயகி